மலைப்பாதை ஜீப்புக்குத் துணை விளக்கு

விளைபொருள் உரிய வேளையில் சந்தையை அடைந்தாலன்றி விவசாயியின் உழைப்புக்கு விலையில்லை. கொல்லிமலை போன்ற இடங்களில் மிளகு, காப்பி, பலா, அன்னாசி முதலியவற்றைத் தோட்டத்தினின்றும் கொண்டுவர, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பே உற்ற துணை. விடியுமுன் புறப்படும் வண்டிக்கு முகப்பு விளக்கு போதாமல், எல்.இ.டி. துணை விளக்கு பொருத்த விரும்புவது நியாயமே. ஆயின் சங்கப் பணத்தைச் செலவிடுமுன், ஒளி எவ்வளவு என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய வளைவில், நெடுந்தூரம் பாயும் குறுகிய ஒளி சாலையை விட்டுப் பள்ளத்தாக்கின் வெட்டவெளியையே காட்டும். வண்டி திரும்பவிருக்கும் பக்கமோ இருளில் கிடக்கும். மேலும், தூரம் இரு மடங்காயின் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகும். எனவே வாட் எண்ணை இரட்டித்தால் பார்வையும் இரட்டிக்கும் என்று கருதுதல் தவறு. பக்கவாட்டில் அகன்று விரியும் ஒளியே மலைப்பாதைக்கு ஏற்றது.

கூரைமேல் நீண்ட விளக்குச் சட்டம் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. மூடுபனியில் அதன் ஒளி, ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, வெண்திரை விரித்தாற்போல் பாதையை மறைத்துவிடும். பம்பர் மட்டத்தில் தாழ்வாக, சற்றே கீழ்நோக்கிப் பொருத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும். 6,000 கெல்வினுக்கு மேற்பட்ட நீலவெண்மை ஒளி கண்ணைக் கூசச் செய்யும். 3,000 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி இதமானது. ஆனால் மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது மெய்யன்று. பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரிதாதலால் எந்நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும்.

36 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். அவற்றை முகப்பு விளக்கின் கம்பியில் ஒட்டுப் போடாமல், பாட்டரியிலிருந்து தனிக்கம்பி இழுத்து, ரிலேயும் 10 ஆம்பியர் பியூஸும் வைத்தல் அவசியம். பியூஸ் பாட்டரியை ஒட்டியே இருப்பின், கம்பி எங்கே உரசித் தேய்ந்தாலும் தீ விபத்தைத் தடுக்கும். எல்.இ.டி.க்கு வெப்பமே பகை. ஆதலின் விளக்கின் பின்புறம் வெப்பத்தைப் போக்கும் அலுமினிய மடிப்புகள் இருத்தல் வேண்டும். ஐ.பி.67 என்ற தரக்குறியையும் பார்த்து வாங்குக. தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினும் கெடாது என்பதே அதன் பொருள்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்பக்கத்தில் தேடொளி விளக்குப் பொருத்தலாகாது. கண் கூசிய எதிர் ஓட்டுநருக்குச் சாலையின் ஓரம் தெரியாது. ஓரத்துக்கு அப்பால் இருப்பதோ பள்ளம். எனவே துணை விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, எதிரே வண்டி வரும்போது அணைத்துவிட வேண்டும்.

விலைப்புள்ளி கோரும் சங்கங்கள் வாட் எண்ணை மட்டும் கேளாமல், ஒளி விரியும் வகை, நிறம், தரக்குறி ஆகியவற்றையும் எழுதிக் கேட்பது நலம். பொருத்தியபின், இரவில் சமதரையில் வண்டியை நிறுத்தி, எதிர்ச்சுவரில் ஒளி விழும் உயரத்தைச் சரிபார்த்த பின்னரே பில்லுக்குப் பணம் வழங்குக.