தரவுத்தளம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அறப்பளீசுவரர் கோயில் அமைந்த வளப்பூர் நாடு அம்மலையின் நாடுகளுள் ஒன்று. சாமை, கேழ்வரகு, தினை முதலிய சிறுதானியங்கள் அம்மலை மக்களின் பழைய உணவு. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனப் பல வகைகள் உண்டு. விற்பனைக்குரிய மரவள்ளி பெருகியபோது சிறுதானிய நிலம் சுருங்கிற்று, விதைகளும் அருகின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அம்மலையில் பணியாற்றி, ஊரார் விதை வங்கிகள் அமைக்கத் துணைநின்றது. வங்கியில் விதை பெற்றவர், அறுவடைக்குப்பின் பெற்றதினும் மிகுதியாகத் திருப்பித் தருதல் மரபு.

விதையைத் தொம்பையில் காக்கலாம். எவ்விதை எவரிடம் எவ்வளவு உள்ளது என்னும் செய்தியை எங்ஙனம் காப்பது? இத்தகைய வங்கியொன்றின் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுவதாகக் கொள்க. பெயர், அளவு, நாள் போன்ற தனிச் செய்திகள் தரவுகள் எனப்படும். வேண்டியபோது எடுத்தாளுமாறு அவற்றை முறைப்படுத்திய தொகுப்பே தரவுத்தளம்.

தரவுகள் அட்டவணைகளில் அமையும். அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம். உழவரின் பெயரையும் ஊரையும் விதை பெறும்போதெல்லாம் எழுதினால் வேலை மிகும், பிழையும் புகும். ஆதலின் உழவர்க்கு ஓர் அட்டவணை, விதை வகைக்கு ஓர் அட்டவணை, கொடுக்கல் வாங்கலுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்தல் நன்று. ஒரே பெயருடையார் இருவர் இருக்கலாம். எனவே ஒவ்வொருவர்க்கும் தனி எண் தரப்படும். அதுவே முதன்மைத் திறவுகோல். கொடுக்கல் வாங்கல் அட்டவணையில் உழவர் எண்ணும் விதை எண்ணும் இருந்தாற் போதும். அவ்வெண்கள் மூன்று அட்டவணைகளையும் இணைத்துவிடும். இம்முறைக்குரிய கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இத்தொகுப்பைப் பேணும் மென்பொருள் தரவுத்தள மேலாண்மை அமைப்பாகும். ஆரக்கிள், அக்செஸ் முதலியன அவ்வகையின. களஞ்சியத்திற்குக் கணக்கர் எப்படியோ, தரவுத்தளத்திற்கு இம்மென்பொருள் அப்படி. அளவுக்குரிய இடத்தில் எழுத்தை இட்டால் அது ஏற்காது. உரிமையில்லாதவரைத் திருத்த விடாது. இருவர் ஒரே வேளையில் எழுதினும் கணக்குக் குழம்பாமற் காக்கும். படியெடுத்து வைக்கவும் உதவும்.

எனினும், மெய்யான தரவைத் தருதல் மனிதர் கடமை. ஒரே சாமை இரண்டு பெயர்களில் இரண்டு எண்களோடு பதிவானால், தேடுவார்க்குப் பாதி இருப்பே தென்படும். உள்ள விதை இல்லையெனக் கைவிடப்படவும் கூடும்.

தரவுத்தளத்தின் பெரும்பயன் வினவலில் விளங்கும். 'ஒரே ஓர் உழவரிடம் மட்டும் எஞ்சியுள்ள வகை எது?' என வினவினால், பல ஆண்டுக் கணக்கையும் நொடியில் ஆராய்ந்து அது விடை கூறும். பொத்தகங்களைப் புரட்டி இவ்விடை காண்பதற்குள் அவ்வகை அழிந்தும் போகலாம். ஆயினும், அட்டவணையில் எழுதிய விதை முளைப்பதில்லை. விடையறிந்தவர் அவ்விதையை நாடிச் சென்று, மீண்டும் நிலத்தில் விதைத்தபோதே அப்பதிவு பயனுடையதாகும்.