கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

குடிநீருக்கு எதிரிகள் யாவை என்று கேட்டால், கலங்கல், கிருமி என்று இரண்டைச் சொல்லி நிறுத்திக் கொள்வோம். கலங்கலை வடிகட்டி, கிருமியைக் குளோரினால் கொன்றுவிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் பளிங்குபோல் தெளிந்த நீரிலும் மூன்றாவதாக ஒன்று கரைந்து நிற்கக் கூடும். அதுவே கரிமப் பொருள். கோடிக் கணக்கில் செலவிட்டு அமைக்கும் நிலையங்களையும் முடக்கவல்லது அது.

இது எங்கிருந்து வருகிறது? ஏரியில் விழுந்து மட்கும் இலைதழைகளிலிருந்து ஹியூமிக் அமிலம் முதலியன பிறக்கின்றன. இவை மிகுந்த நீர் தேநீர் வடித்தாற்போல் பழுப்பு நிறம் கொள்ளும். நீரில் வாழும் பாசிகளோ பாலிசாக்கரைடு என்னும் பிசின் போன்ற பொருளைக் கசிய விடுகின்றன. நாம் பாடத்தில் படிக்கும் ஸ்டார்ச்சும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இனி, சவ்வுக்கு வருவோம். கடல் நீரை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்தினால் நீர் அப்பால் செல்லும். உப்பு இப்பால் தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். 1960 வாக்கில் அமெரிக்காவில், கலிஃபோர்னியப் பல்கலைக் கழகத்தில், சிட்னி லோப் என்பவரும் நம் நாட்டவரான சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டால் செய்த சவ்வே இதற்கு வழி திறந்தது. இன்று பெரும்பாலும் பாலிஅமைடு சவ்வுகள் பயன்படுகின்றன.

இச்சவ்வைக் கரிமப் பொருள் எவ்வாறு அடைக்கிறது? வீட்டில் துணியிட்டு வடிகட்டுவதை நினைத்துப் பாருங்கள். மணல் கலந்த நீரை வடித்தால் துணியை உதறியதும் மணல் போய்விடும். கஞ்சியை வடித்தாலோ துணியின் இழைகளில் பசை ஏறிவிடும். அழுத்திப் பிழியப் பிழிய அது இன்னும் இறுகும். சவ்வின் மேலும் இதுதான் நடக்கிறது. நீரில் கால்சியம் அயனிகள் இருப்பின் அவை கரிம மூலக்கூறுகளின் கார்பாக்சில் தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் படலத்தை உறுதியாக்குகின்றன. பின்னர் அதே அளவு நீரைப் பெற அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், மின்செலவு ஏறும். பித்தளைக் குடத்தின் களிம்புக்குப் புளியும், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடுப்புச் சாம்பலும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்த முறை. நிலையங்களிலும் அப்படியே: சுண்ண உப்புப் படிவுக்கு அமிலம், கரிமப் படலத்துக்குக் காரம்.

கழுவிச் சமாளிக்க முடியாத நிலையும் வருவதுண்டு. 2008 ஆகஸ்டில் பாரசீக வளைகுடாவிலும் ஓமான் கடலிலும் ஒருவகை நுண்பாசி பெருகிக் கடல் நீரையே நிறம் மாற்றிற்று. எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்த அந்தச் செம்பெருக்கில் மீன்கள் டன் கணக்கில் மடிந்தன. கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் பலவற்றை மூட நேர்ந்தது. குடிநீருக்குக் கடலையே நம்பிய மக்களுக்கு அது எத்தகைய சோதனை!

“பாசியைக் குளோரினால் கொன்றுவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். இங்குதான் நாம் தெளிய வேண்டும். கொல்வது வேறு, அகற்றுவது வேறு. செத்த பாசியின் செல் உடைந்து உள்ளிருக்கும் கரிமப் பொருளெல்லாம் நீரில் கரையும். பெரிய மூலக்கூறுகளைக் குளோரின் சிதைக்கும்போது அவை பாக்டீரியாக்களுக்கு எளிய உணவாகும். அவை சவ்வின் மேல் குடியேறிப் பெருகும். எஞ்சிய குளோரினோ பாலிஅமைடையே அரிக்கும்; ஆதலால் சவ்வை அடையுமுன் சோடியம் பைசல்ஃபைட்டு சேர்த்து அதை நீக்குவர்.

இன்னுமொரு தீங்கும் உண்டு. கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் முதலிய டிரைஹேலோமீத்தேன்கள் உண்டாவதை 1974இல் ஹாலந்து நாட்டு வேதியியலார் ரூக் வெளியிட்டார். 1979இல் அமெரிக்கா இவற்றுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. இதைக் கேட்டுக் குளோரினையே வேண்டாமென்று தள்ளிவிடலாகாது. காலராவும் டைஃபாய்டும் அதைவிடக் கொடியவை. குளோரினுக்கு முன்னரே கரிமப் பொருளை இயன்றவரை அகற்றுவதே அறிவுடைமை.

எப்படி அகற்றுவது? கரிமத் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதப்பவை. படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ இட்டால் மின்னூட்டம் தணிந்து, திரண்டு, படியும். கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் எங்கள் பாட்டி தேற்றான்கொட்டையை உரைத்ததும் நீரிலுள்ளவற்றைத் திரளச் செய்யும் இதே நோக்கத்திற்குத்தான். பள்ளிக்கூடம் போகாத கை அது! பாசித் திரள் எளிதில் படியாதாகையால், நுண்ணிய காற்றுக் குமிழிகளால் அதை மேலே மிதக்கச் செய்து வழித்தெடுப்பதும் உண்டு. அதன்பின் நுண்வடிகட்டல், இறுதியாகவே உப்பை நீக்கும் சவ்வு.

இது யாருக்கோ நேர்ந்த கதை அன்று. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் சென்னைக்காகத் தொடங்கப்பட்டன. வங்கக் கடலிலும் பாசி உண்டு. நம் ஊர் வீடுகளிலும் சிறு சவ்வுக் கருவிகள் வந்துவிட்டன. வேதியியல் பயிலும் நம்மில் சிலர் நாளை ஊராட்சித் தொட்டிக்கோ பெருநிலையத்துக்கோ பொறுப்பேற்கக் கூடும். அன்று நீர் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அதில் கரைந்திருப்பது என்ன என்றும் கேட்போமாக. ஒரு குடம் நீருக்காகக் குழாயடியில் காத்து நிற்கும் தாய்மார்களுக்கு நம் படிப்பு செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.