எந்தக் கரைக்குப் போகலாம்?

சேரப்பணஞ்சேரிக்குச் சமுத்திரம் கிடையாது. ஏரி உண்டு, ஐப்பசி மாதத்தில் சாலையே ஏரியாகிவிடுவதும் உண்டு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் பெரிய ரஸ்தாவில், படப்பையைத் தாண்டி, ஒரகடத்தை எட்டுவதற்கு முன்னால் இருக்கிற எங்கள் ஊருக்கு லாரிகளின் இரைச்சல்தான் அலையோசை. புத்தம் புதிய மோட்டார் வண்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீண்ட டிரெய்லர்கள் போகும். "இதெல்லாம் எங்கே ஸார் போகிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "துறைமுகத்துக்கு, அங்கிருந்து கப்பலில்" என்று பதில் சொல்லுவோம். இவ்விதமாக எங்கள் பக்கத்து மோட்டார்கள் எல்லாம் சமுத்திரத்தைப் பார்த்துவிடுகின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான் பார்ப்பதில்லை.

இது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. வகுப்பில் ஒரு நாள், "கடலை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றோம். பாதிக்கும் குறைவான கைகளே உயர்ந்தன. இத்தனைக்கும் கடல் இருப்பது சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில். தகப்பனாருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். பிள்ளைகள் கடலைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

ஆகவே, கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், "ஸார், எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?" என்று பெற்றோர்கள் நம்மிடம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. உபாத்தியாயருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். நமக்கும் நான்கு வருஷத்துக்கு முன்பு வரையில் அந்த நம்பிக்கை இருந்தது.

அந்த வருஷம் வைகாசி மாதத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கரைக்குப் போனோம். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கரை ஒரு குற்றமும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் அலைகள் மடேர் மடேரென்று விழுந்துகொண்டிருந்தன. நடுவில் இருபது கஜ அகலத்துக்கு மட்டும் தண்ணீர் அடங்கி, சற்றுக் கறுத்து, குளம்போல் இருந்தது. "இங்கே இறங்குங்கள், இங்கேதான் பயமில்லை" என்று நாமே சுட்டிக் காட்டினோம். முழங்கால் ஆழந்தான். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், எங்கள் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் மீனைப்போல் நீந்துகிறவன், இரண்டு அடி முன்னால் வைத்தான். அடுத்த தடவை நாம் திரும்பிப் பார்த்தபோது அவன் தலை முப்பது கஜத்துக்கு அப்பால் தெரிந்தது. கரையைப் பார்த்து நீந்திக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கிட்டே வரவில்லை. நாம் கரையில் நின்றபடி, "நேரே வா! நேரே வா!" என்று கத்தினோம். அதைவிடக் கெட்ட யோசனை வேறு கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடி வந்தார். அவர் பையன் இருந்த திசையில் ஓடவில்லை. பக்கத்தில் அலை உடைகிற இடமாகப் பார்த்து இறங்கி, சுற்றிப் போய், பையனைப் பிடித்து, கரைக்கு இழுக்காமல் வடக்கே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனார். பிறகு இருவரையும் அலையே கொண்டுவந்து போட்டது.

"ஏன் ஸார், அலை இல்லாத இடமாப் பார்த்து எறக்கி விட்டீங்களே! அதுதானே தண்ணி வெளியே போற வாசல்" என்றார்.

என்ன கொடுப்பதென்று தெரியாமல் பர்ஸை எடுத்தோம். "அதை உள்ளே வைங்க, பையனுக்குத் தலையைத் துவட்டுங்க" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். பையனின் தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்க நமக்கு அரைமணி நேரமாயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டார்.

அந்த "வாசல்" என்ன என்று அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரைக்குச் சற்றுத் தூரத்தில் நீருக்கடியில் மணல் திட்டு ஒன்று வரப்புப்போல் நீண்டிருக்கும். வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? வரப்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அங்கே அது திரண்டு, மதகு திறந்த ஏரியைப்போல் வெளியே பாய்கிறது. அந்த இடத்தில் ஆழம் அதிகம். ஆகையால் அலை உடைவதில்லை. பார்க்கச் சாந்தமாக இருக்கும். கலங்கிய மணலும் நுரையும் கடலை நோக்கிப் போவதைக் கவனித்தால் அடையாளம் தெரிந்துவிடும். இந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பலங் குன்றிவிடுகிறது. அதை எதிர்த்து நீந்துகிறவன்தான் களைத்து மூழ்குகிறான். மல்லாந்து மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடைகிற இடம் வந்ததும் அலையோடு திரும்ப வேண்டும். முகத்துவாரங்களிலும் கடலுக்குள் நீட்டியிருக்கும் கல் சுவர்களின் ஓரத்திலும் இப்படிப்பட்ட ஓட்டம் அடிக்கடி இருக்கும்.

அதற்குப் பிறகு கரை தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நமது அபிப்பிராயங்கள் வெகுவாக மாறிவிட்டன.

முதலில் சென்னைக் கடற்கரை. திருவல்லிக்கேணிக் கரையில் உலாவுவதற்கென்று பாதை போட்டு, அதற்கு 'மெரீனா' என்று பெயரும் வைத்தவர் 1881 முதல் 1886 வரையில் கவர்னராயிருந்த கிராண்ட் டப். பெயர் அவர் கொடுத்தது. மணலோ துறைமுகம் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு முன் கோட்டை மதிலுக்குச் சமீபத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. நமது கீழைக் கடலோரத்தில் வருஷத்தில் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். வாடைக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1870-களில் துறைமுகத்துக்குக் கல் சுவர் எழுப்பத் தொடங்கியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கிவிட்டது. தங்கிய மணலில் நாம் சுண்டல் சாப்பிடுகிறோம். சுவருக்கு வடக்கே, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில், மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே இருக்கிறவர்கள் வீட்டு வாசலில் கருங்கல்லைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தாருடைய கடற்கரை மறு பக்கத்தாருடைய வீட்டு மனை என்பதை மெரீனாவுக்குப் போகும் குழந்தைகளுக்கு நாம் சொல்லுவதுண்டு.

புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980-களில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகச் சுவர் கட்டினார்கள். நகரத்தின் மணற்கரை மறைந்து கல் குவியல்தான் மிஞ்சியது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். 2019 வாக்கில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருந்தது. போனவர் திரும்பி வந்ததுபோல் ஊரே வேடிக்கை பார்த்தது.

மெரீனாவுக்குப் பாட்டி, தாத்தாவை அழைத்துக்கொண்டு போகலாம். 2022-ல் சக்கர நாற்காலியும் போகும்படி மரப்பாதை போட்டார்கள், போட்ட சில நாட்களிலேயே புயல் வந்து அதைப் பெயர்த்தது, மறுபடியும் செப்பனிட்டார்கள். ஆனால் குளிப்பதற்கு அந்தக் கரை உகந்ததல்ல. ஓரத்திலேயே சரிந்து ஆழமாகிவிடும். காலை நனைத்துக்கொண்டு, காந்தி சிலையையும் ராய் சௌதுரி செய்த உழைப்பாளர் சிலையையும் பார்த்துவிட்டு வருவது உத்தமம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் பின்னதைச் சற்று நேரம் நின்று பார்ப்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

தெற்கே, பெசன்ட் நகரிலுள்ள எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு மண்டபம் நிற்கிறது. ஜோடி ஜோடியாக அதன் கீழ் நின்று போட்டோ பிடித்துக்கொள்ளுகிறார்கள். சினிமாக்காரர்களுக்கும் அது பிரியமான இடம். 1930 டிசம்பரில் அங்கே பிறரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை விட்ட ஷ்மிட் என்னும் டேனிஷ் மாலுமியின் ஞாபகார்த்தம் அது. டிசம்பர் மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையில் இந்தக் கடலை நம்பக்கூடாது. அந்த மண்டபத்துக்கு வடக்கே சற்றுத் தூரத்தில்தான் அடையாறு கடலில் கலக்கிறது. எங்கள் பக்கத்து ஒரத்தூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரித் தண்ணீர் அந்த ஆற்றோடு போய்ச் சேருகிறது. ஆக, எங்கள் ஊர் மழையும் எங்களுக்கு முன்பே கடலுக்குப் போய்விடுகிறது!

கோவளம் நமக்குக் கிட்டினது. வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம் என்று போய், உப்பளங்களைத் தாண்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அலை தெரியும். ஒரு காலத்தில் நவாப் கோட்டை கட்டிய துறை. 1752-ல் கிளைவ் அதைப் பிடித்தான். கோட்டை இருந்த இடத்தில் இன்று பெரிய ஹோட்டல் இருக்கிறது. மாதா கோயிலும் தர்காவும் மீனவர் குப்பமும் அடுத்தடுத்து உண்டு. குப்பத்து இளைஞர்கள் பலகை மேல் நின்று அலையில் சறுக்கும் வித்தையில் கெட்டிக்காரர்கள். 2021-ல் இந்தக் கரைக்கு டென்மார்க்கிலிருந்து வழங்கும் 'நீலக் கொடி' கிடைத்தது; தண்ணீரின் சுத்தம், காவலர், கழிப்பிடம் முதலிய 33 அம்சங்களைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கொடியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை; கழிப்பிடத்தைப் பற்றித்தான் வீட்டு அம்மாள் ஆயிரம் தடவை விசாரித்தாள். பெண்களோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அதுவே என்பதில் எமக்கும் சந்தேகமில்லை.

மாமல்லபுரத்துக்கு ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகவும் போகலாம். ராஜசிம்மப் பல்லவனின் கோயிலை எல்லாரும் பார்ப்பார்கள். மாசி மகத்தன்று போய்ப் பாருங்கள். நமது ஜில்லாவிலும் சுற்றுப்புறத்திலுமுள்ள இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து, மணலிலேயே துணிக் குடிசை கட்டி, பௌர்ணமி இரவைக் கழித்து, விடியற்காலையில் கன்னியம்மனுக்குப் பூஜை போடுகிறார்கள். கல்யாணம் பேசுவதும் அங்கேதான். கல்யாணம் நடப்பதும் அங்கேதான். எந்தக் கரை, எந்த நாள் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. மாசியில் இந்தக் கடல் மிகவும் அடங்கியிருக்கும் காலம். அந்த மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் 1988 முதல் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இன்னும் தெற்கே போகிறவர்களுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டையும் இருக்கின்றன. நீந்தத் தெரியாத குழந்தைகளுக்கென்றே படைத்ததுபோல் இராமநாதபுரத்துக்குக் கிழக்கே அரியமான் கரை இருக்கிறது. இலங்கை குறுக்கே நிற்பதால் பாக்கு நீரிணையில் அலை சொற்பம். மீனவர்கள் அதைப் 'பெண் கடல்' என்றும், மறுபக்கத்து மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் சொல்லுகிறார்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கும் கோபம் வரும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போன கதை எல்லாருக்கும் தெரிந்ததே.

கோடையில் தென்கோடிக்குப் போகிறவர்கள் வேறொன்றையும் அறிய வேண்டும். வானம் நிர்மலமாயிருக்கும், காற்று இராது, எங்கோ தெற்குச் சமுத்திரத்தில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து திடீரென்று கரையேறும். 'கள்ளக்கடல்' என்று பெயர். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. 2024 மே மாதத்தில் அப்படி அறிவித்திருந்த சமயத்தில், கன்னியாகுமரி ஜில்லா லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கும் ஐந்து பேர் மாண்டார்கள். புறப்படுவதற்கு முன் மழையைப் பற்றி விசாரிக்கிற நாம், கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

இந்தத் தை மாதம், பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மறுபடியும் வேன் பிடித்தோம். கோவளத்துக்கு. கிழக்குக் கரையில் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்குமாதலால் ஒன்பது மணிக்குள் குளித்து முடிப்பது என்று ஏற்பாடு. அந்தப் பையனுக்கு இப்போது பதினேழு வயது, ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். தானாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். அவனுடைய தகப்பனாரும் லீவு போட்டுவிட்டு வந்து முன் ஸீட்டில் உட்கார்ந்தார்.

மணலில் இறங்கியதும் சின்னப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். பையன் கையை விரித்து அவர்களை நிறுத்தினான். பத்து நிமிஷம் ஒருவரையும் தண்ணீரில் கால் வைக்க விடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தெற்கே சற்றுத் தூரத்தில் தண்ணீர் கறுத்து அடங்கியிருந்த ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினான்.

"அங்கே வேண்டாம். இங்கே, அலை உடையற இடத்திலே, இடுப்புக்குக் கீழே" என்றான்.

தகப்பனார் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார்.