பிரியாணிக்கு முந்தைய ஆயிரம் நாட்கள்

அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு பொடியன் கேட்ட காணொளி 2025 தொடக்கத்தில் கேரளமெங்கும் சுற்றியது. ஜூனில் முட்டை பிரியாணியோடு புதிய உணவுப் பட்டியலே வந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தட்டு மூன்று வயது நிறைந்தவர்களுக்கு. வளர்ச்சி குன்றல், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, பெரும்பாலும் கருவிலிருந்து இரண்டு வயதுக்குள்ளேயே நேர்ந்துவிடுகிறது.

தேசிய குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் 2015-16ல் 19.7 சதவீதம், 2019-21ல் 23.4. நாடு முழுக்க 38.4-லிருந்து 35.5-க்கு இறங்கிய அதே காலத்தில், சுகாதாரத்துக்குப் பேர்போன மாநிலத்தில் ஏறியிருக்கிறது. தாயின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகும் நீர்த்த கஞ்சியோடு நின்றுவிடும் உணவு எனப் பொதுவாகக் காரணங்கள் பல.

பிரியாணித் தட்டுக்கு முந்தைய அந்த வயதுக்காகவே கேரளத்தில் இருப்பது 'அமிர்தம் பொடி'. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கலந்த மாவு. கேரள அரசின் வறுமை ஒழிப்பு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் உள்ளூரிலேயே வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டுகின்றன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக வீட்டுக்குப் போகிறது. சிக்கலும் வீட்டில்தான். மணமான மாவு, பாட்டி உருண்டை பிடிப்பார், அண்ணன் அக்காவுக்கும் பங்கு போகும். குழந்தைக்குக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தது எவ்வளவு என்பதைப் பொட்டலக் கணக்கு சொல்லாது. அகத்தியமலை அடிவாரத்தில் குற்றிச்சல், விதுரா பக்கமுள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகளிலோ, பொட்டலம் தவறாமல் போய்ச் சேர்வதே முதல் வேலை.

இந்த இளம் வயதைத் தமிழ்நாடு முன்பே தொட்டது. 1980-ல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தது, தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஊர்வாயில் நின்றது 1982-ன் சத்துணவுதான்.

எடை மட்டும் பார்த்தால் குள்ளம் தெரியாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டி அளக்க வேண்டும். ஒரு செ.மீ. பிசகினாலும் கணக்கு மாறும். பல வேலைகளுக்கு நடுவே இதைச் செய்யும் அங்கன்வாடி ஆசிரியைக்கும் உதவியாளருக்கும் நல்ல பலகையும் பயிற்சியும் பிரியாணியைவிட முந்திக் கிடைத்திருக்க வேண்டியவை.