ஓடை நகர்ந்தால் நம் எல்லை எது?

அரக்கோணம் பக்கத்துப் பழைய கிரையப் பத்திரங்களில் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். 'ஓடைக்கு மேற்கு, ஏரிக்கரைக்கு வடக்கு' என்கிற மாதிரி நான்கெல்லை எழுதியிருக்கும். சர்வே எண் காகிதத்தில் உள்ள அடையாளம். ஓடையும் கரையும் மண்ணில் உள்ள அடையாளம். அவற்றுக்கும் தனி சர்வே எண் உண்டு. கிராம 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும்.

அந்த அடையாளத்தையே நகர்த்த வழி செய்வதுதான் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023. அந்த ஆண்டு ஏப்ரல் 21-ல் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. விவசாய சங்கங்கள் திரும்பப் பெறச் சொல்லிப் போராடின. ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதலும் வந்துவிட்டது.

100 ஹெக்டேருக்கு, அதாவது நம்ம கணக்கில் 247 ஏக்கருக்கு, குறையாத திட்டத்தைச் 'சிறப்புத் திட்டம்' என்று அரசு அறிவிக்கலாம். அதன் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால், அரசு நிலத்தைப் பரிமாற்றம் செய்து மொத்தத்தையும் ஒரே தொகுப்பாக்கலாம். நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஏரி என்பது தொட்டி இல்லையே! மதகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே இருக்கிற வயலுக்குத்தான் தண்ணீர் பாயும். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. அதே கொள்ளளவில் ஒரு பர்லாங் தள்ளி, நான்கடி பள்ளத்தில் குளம் வெட்டினால் கணக்கு சரியாக இருக்கும். பழைய ஆயக்கட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது. ஊற்று குறைந்து கிணறும் இறங்கும். வங்கியில் அடமானப் பத்திரம் பார்த்த காலத்தில் பட்டா, வில்லங்கம் எல்லாம் கேட்போம். நிலத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இருந்ததில்லை.

ஊர்ப் பொது நிலத்தையும் நீர்நிலைகளையும் ஊருக்கே மீட்டுத் தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. ஆட்சேபம் எழுதும்போது இதைக் குறிப்பிடலாம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டு விவரத்தையும், எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தையும் எடுங்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மதகிலிருந்து நடந்து, சர்வே எண் வாரியாகக் குறித்து வையுங்கள். தனி எண் இல்லாமல் பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்காலை முதலில் பாருங்கள். பத்திரத்தில் 'வாய்க்கால் பாத்தியம்' என்று எழுதியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.