காமிராவில் விழாத காசி

காசிக்குப் போகிறார் கனவான்; கழுத்திலே காமிரா! தசாசுவமேதத் துறையிலே மாலை ஆரத்தி, அடுக்குத் தீபம், பட்டுடுத்திய பூசாரி. பளிச்சென்று படம் எடுக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை!

ஆனால் தோழனே, மணிகர்ணிகைத் துறையிலே இரவும் பகலும் சிதை எரிகிறதே, வெந்தணல் அருகே நின்று வேகிறவன் யார்? டோம் சாதித் தோழன்! மோட்சத்துக்கு நெருப்பு அவன் தரவேண்டுமாம்; அவன் தொட்டால் மட்டும் தீட்டாம்! தீண்டாமை ஒழிந்தது என 1950-லேயே அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லிவிட்டது. தொழிலோ இன்றும் தகப்பனுக்குப் பின் மகனுக்கு!

சிதையைப் படமெடுக்காதே என்கிறார்கள். சரி, அழுகிறவர் துயரை மதிப்போம். அவன் வீட்டு வாசலுக்குப் போ, அனுமதி கேள், பிறகு எடு. அவன் பிள்ளை கையிலே கொள்ளியல்ல, புத்தகம் இருக்கும் படம்! அதுவே நாம் காண விரும்பும் காசி!