தொலைக்காட்சியை யாருடன் பார்க்கிறோம்?

“தொலைக்காட்சி பார்ப்பது மூளைக்கு நல்லதா, கெட்டதா?” பள்ளிக் கட்டுரைகளிலும் பட்டிமன்றங்களிலும் அலுக்காமல் வரும் தலைப்பு இது. ஒரு தரப்பு ஆவணப்படங்களைக் காட்டி நல்லது என்னும். மறுதரப்பு மாமியார் மருமகள் தொடர்களைக் காட்டிக் கெட்டது என்னும். இரண்டுமே திரையில் ஓடுவதைப் பற்றித்தான் பேசுகின்றன. திரைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கனடாவில் ஒரு பள்ளத்தாக்கில் இருந்த சிற்றூருக்கு 1973 வரை தொலைக்காட்சி அலை சரியாக எட்டவில்லை. உளவியலாளர் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் தலைமையிலான குழு அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘நோடெல்’ என்று பெயரிட்டு, தொலைக்காட்சி வருவதற்கு முன்பும், வந்து ஈராண்டு கழித்தும் அங்கே சோதனைகள் நடத்தியது. ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டும் பார்த்தது.

அன்றாடப் பொருள் ஒன்றை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். முதலில் நோடெல் பிள்ளைகளே மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். ஈராண்டில் அந்த மேன்மை போய்விட்டது. விளையாட்டுத் திடலில் முரட்டுத்தனம் கூடியது. பெரியவர்கள் ஊர் நிகழ்ச்சிகளுக்கு வருவது குறைந்தது. இத்தனைக்கும் அங்கே வந்தது ஒரே ஓர் ஒளிவழி, அதுவும் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துடையது! நிகழ்ச்சியின் தரத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. முன்பு அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்தவற்றின் இடத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பட்ரிசியா கூல் குழுவினர் 2003ல் வெளியிட்ட ஆய்வு நம் மொழிக் கவலைக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீனமொழி பேசுவோர் நேரில் கதை படித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். மொத்தம் 12 முறைதான். அதற்குள் அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை, தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே ஆட்களை, அதே கதைகளைத் திரையில் காட்டினார்கள். அவர்கள் எதையும் கற்கவில்லை.

நாம் கைக்குழந்தைகள் அல்லர் என்பது உண்மைதான். கொரியத் தொடர் பார்த்தே கொரியச் சொற்களை அள்ளி வீசும் தோழிகள் எனக்கும் உண்டு. ஆனால் கொரிய உணவகத்தில் அவர்கள் ஆங்கிலத்தில்தான் சாப்பாடு கேட்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் இந்திய வீடுகள் இன்று மிகுதி. அவற்றுள் பல தமிழ் வீடுகளில் தமிழ் ஒலிப்பது தொலைக்காட்சியில் மட்டும்தான். ‘வசந்தம் பார், தமிழ் வரும்’ என்று பெற்றோர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, காது பழகும். சாதாரண நிலைத் தமிழ் வாய்மொழித் தேர்விலோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டும். பலர் திணறுவது அந்த உரையாடலில்தான்.

எனக்கு அந்தப் பயிற்சி பாட்டியிடம் கிடைத்தது. அவர் தொடர் பார்க்கும்போது சும்மா இருக்கமாட்டார். வில்லியைப் பார்த்து, “என்னமா பசப்புறா பாரு!” என்பார். பசப்புவது என்றால் என்ன என்று கேட்டால், குரலைக் குழைத்து நடித்தே காட்டுவார். ‘அவள் செய்தது சரிதானே’ என்று நான் வம்புக்கு இழுப்பேன். விளம்பர இடைவேளை முழுவதும் வாக்குவாதம் நடக்கும். தொடரின் கதை மறந்துவிட்டது, சொற்கள் மறக்கவில்லை. தரம் குறைந்தது என்று பட்டிமன்றத்தில் நாம் ஒதுக்கும் அதே தொடர்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு திரை. இவ்வாண்டு தேர்வெழுதும் தம்பி, பயிற்சிக்காகத் தமிழ்க் காணொளிகளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு பார்க்கிறான். பாட்டி வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து வில்லியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பசப்புவது என்றால் என்ன என்று நேற்று தம்பியிடம் கேட்டேன். கைப்பேசியில் தேடத் தொடங்கினான்.